பால் எர்லிக்

பட்டில் நன்கு பற்றும் சாயங்கள் சில பருத்தியில் பற்றுவதில்லை. காஞ்சிபுரத்தில் நூலுக்குச் சாயம் ஏற்றுவோர் இதனை நன்கு அறிவர். இவ்வெளிய உண்மையைத் துணையாகக் கொண்டு, நம் உடலைக் காக்கும் நுண்ணிய அணுக்களை இனம் பிரித்துக் காட்டிய பேரறிஞர் ஒருவர் ஜெர்மனியில் வாழ்ந்தார். அவரே பால் எர்லிக்.

எர்லிக் 1854ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14ஆம் நாள் ஸ்ட்ரேலன் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. அக்காலத்தில் நிலக்கரித் தாரிலிருந்து புதிய சாயங்கள் பல செய்யப்பெற்றன. மருத்துவம் பயின்ற எர்லிக், அச்சாயங்களைக் குருதித் துளிகளில் இட்டு, உருப்பெருக்கியின் வழியே ஆராய்ந்தார். சாயமிடாத வெள்ளணுக்களை வகைப்படுத்துதல் அரிது. ஈயோசின் என்னும் செஞ்சாயமோ, அவற்றுள் ஒருவகை அணுக்களின் மணிகளை மட்டும் நன்கு சிவக்கச் செய்தது; வேறு சாயங்கள் வேறு வகைகளைக் காட்டின.

1882ஆம் ஆண்டு ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். அதே ஆண்டில், அக்கிருமியைத் தெளிவாகக் காட்டும் சாயமுறையை எர்லிக் வகுத்தார். சில ஆண்டுகளுக்குப் பின் அவரையே காசநோய் பற்றியது. பிறர் நோயை அறிய வகுத்த முறை, தம் சளியிலும் அக்கிருமி இருத்தலைக் காட்டியபோது அவர் உளம் தளர்ந்தாரல்லர். 1888ஆம் ஆண்டில் எகிப்து நாட்டிற்குச் சென்று தங்கினார். நலம்பெற்று மீண்டதும் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

நச்சுப்பொருள் உடலிற் புகுந்தால், பூட்டுக்கேற்ற சாவிபோல அதனுடன் மட்டும் பொருந்தும் எதிர்ப்பொருள் குருதியில் தோன்றுகிறது என்று அவர் விளக்கினார். நோய்த்தடுப்பாற்றலை ஆராய்ந்தமைக்காக 1908ஆம் ஆண்டின் நோபெல் பரிசு அவருக்கும் மெச்னிகாவ் என்னும் அறிஞருக்கும் பகிர்ந்தளிக்கப்பெற்றது. பின்னர், ஜப்பானியராகிய ஹாட்டாவின் துணையுடன் மேகநோய்க்கு மருந்து கண்டார். அது அவர் ஆய்வுக்கூடத்தில் 606 என்னும் எண் பெற்ற பொருளாகும். 1915ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20ஆம் நாள் எர்லிக் மறைந்தார்.

அவர் தொடங்கிய பணி அவரோடு நின்றுவிடவில்லை. சாயம் காட்டாத வேறுபாடுகளும் வெள்ளணுக்களிடையே உண்டு. 1975ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் என்னும் இருவர், ஒரே அணுவின் வழித்தோன்றல்களைக் கொண்டு ஒரே தன்மையுள்ள எதிர்ப்பொருளை வேண்டிய அளவு ஆக்கும் முறையைக் கண்டனர். அவ்வெதிர்ப்பொருள் மோனோகுளோனல் எதிர்ப்பொருள் எனப்படும். ஒளிரும் சாயத்தை அதனுடன் பிணைத்துக் குருதியில் இட்டால், தனக்குரிய அணுவை மட்டும் அது நாடிப் பற்றும். பற்றிய அணு ஒளிர்ந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986ஆம் ஆண்டு சென்னையில் கண்டறியப்பட்டது. அத்தொற்று, சி.டி.4 என்னும் அடையாளமுடைய காவலணுக்களை அழிக்கிறது. எஞ்சிய காவலணுக்களை எண்ணி, நோயாளரின் நிலையை மருத்துவர் அறிவதற்கு இம்முறை உதவுகிறது. அங்கு எர்லிக் ஆராய்ந்த சாயமும் எதிர்ப்பொருளும் ஒன்றாய் இணைந்து தொண்டு புரிகின்றன. நுட்பமாய்ப் பிரித்தறிதலே நோய் தீர்த்தலின் முதற்படி என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.