ஆமி ஜான்ஸன் அம்மையார்

இரு நகரங்களுக்கு இடைப்பட்ட தூரம் என்றும் மாறுவதில்லை. அதைக் கடக்கும் காலமோ மாந்தரின் அறிவாலும் துணிவாலும் குறுகிக்கொண்டே வருகின்றது. அங்ஙனம் குறுகச் செய்தவருள் ஆமி ஜான்ஸன் அம்மையாரும் ஒருவர்.

இவர் 1903ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் தேதி, இங்கிலாந்தின் கீழ்கரையிலுள்ள ஹல் என்னும் துறைமுக நகரில் மீன் வணிகர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். ஷெப்பீல்டு சர்வகலாசாலையில் பொருளாதார சாஸ்திரம் பயின்று பட்டம் பெற்றபின், லண்டனில் ஒரு வழக்கறிஞரின் காரியாலயத்தில் அலுவல் பார்த்தார். அந்நாளில் ஆகாய விமானத்தில் வேட்கைகொண்டு, 1929இல் அதனை ஓட்டும் உரிமை பெற்றார். அவ்வளவில் அமையாது, தொழிற்கூடத்தில் உழைத்து, விமானங்களைப் பழுதுபார்க்கும் உரிமையையும் பிரிட்டிஷ் மாதருள் முதல்வராக எய்தினார்.

தந்தையாரும் வேக்பீல்டு பிரபுவும் பொருளுதவி புரிய, பழைய விமானம் ஒன்றை வாங்கி, தந்தையாரின் வணிகக் குறியாகிய ஜேஸன் என்னும் பெயரை அதற்கு இட்டார். 1930 மே 5ஆம் தேதி லண்டனை அடுத்த கிராய்டனினின்று ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை நோக்கித் தனியே புறப்பட்டார். தூரம் ஏறக்குறைய 11,000 மைல். அதற்குமுன் அவர் தனியே பறந்த நெடுந்தூரம் லண்டனிலிருந்து ஹல் வரையே. இருக்கைக்கு மேல் கூரையில்லை. செய்தி அனுப்பக் கருவியுமில்லை. 1928இல் ஹிங்க்ளர் என்பவர் பதினைந்தரை நாளில் கடந்த அவ்வழியை அதனினும் விரைவில் கடப்பதே அம்மையாரின் நோக்கம்.

பாக்தாத்தை அணுகுகையில் மணற்புயலால் பாலைவனத்தில் இறங்க நேர்ந்தது. எனினும் ஆறாம் நாள் கராச்சியை அடைந்தபோது ஹிங்க்ளரை இரண்டு நாள் முந்தியிருந்தார். ஆனால் ரங்கூனுக்கு அருகே பெருமழையில் வழி தவறி, இன்ஸீன் என்னும் ஊரின் பொறியியற் பாடசாலைத் திடலில் இறங்க, விமானம் பள்ளத்திற் பாய்ந்து இறக்கை முறிந்தது. அப்பாடசாலையார் மரச்சட்டங்களைச் செய்து உதவினர். சட்டைத் துணி இறக்கைக்குப் போர்வையாயிற்று. தாம் கற்ற தொழில் அம்மையாருக்கு அங்கே கைகொடுத்தது. ஆயினும் நாட்கள் கழிந்தன; முந்தும் வாய்ப்பும் கைநழுவிற்று. இனி விரைந்தும் பயனில்லை என்று அவர் பயணத்தைக் கைவிடவில்லை. திமோர்க் கடலையும் தாண்டி, மே 24ஆம் தேதி டார்வினில் இறங்கினார். சென்ற காலம் பத்தொன்பதரை நாள். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்த முதற் பெண்மணி என்னும் புகழ் அவரைச் சார்ந்தது.

1932இலும் 1936இலும் லண்டனிலிருந்து கேப்டவுனுக்குப் பறந்து, முன்னையோரின் காலத்தைக் குறைத்தார். போர்க்காலத்தில் விமானங்களை இடம்விட்டு இடம் கொண்டுசேர்க்கும் பணியேற்றார். 1941 ஜனவரி 5ஆம் தேதி அப்பணியிலிருக்கையில் தேம்ஸ் கழிமுகத்தில் வீழ்ந்து மாண்டார், உடல் அகப்படவில்லை. அவரைக் காக்கக் கடலிற் குதித்த கப்பற்றலைவர் பிளெட்சரும் உயிர் துறந்தார்.

2018இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து லண்டனுக்கு இடைநில்லா விமானப் போக்குவரவு தொடங்கிற்று. பயணம் ஏறக்குறைய 17 மணி நேரமே. ஜேஸன் லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலையில் வைத்துப் பேணப்படுகின்றது. போட்டியில் தோற்றபின்னும் எடுத்த வழியை முடித்த அம்மையாரின் உறுதி, மாணவர் யாவரும் உளங்கொளத்தக்கது.