மொத்தமே 2 டெஸ்ட், சராசரி 56.66... 89 வயசில் மாயமான மெட்ராஸ் வீரர்! யார் இந்த கோட்டா ராமசாமி?

தென்காசி, குற்றாலம் பக்கம் ஞாயித்துக்கிழமை ஆனா கிரிக்கெட் ஆடுற பசங்க, 25 வயசு தாண்டினாலே இனி நமக்கெல்லாம் எங்கே சான்ஸ்னு பேட்டை ஓரமா வெச்சிடுறாங்க. ஆனா, 40 வயசில் இந்திய டெஸ்ட் அணியில் அறிமுகமான ஒரு மெட்ராஸ்காரர் இருக்கார். அவர்தான் கோட்டா ராமசாமி.

டென்னிஸிலும் இந்தியா

1896-ல் பிறந்தவர். அப்பா புச்சிபாபு நாயுடு, இந்தியர்கள் விளையாட மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கியவர். அவர் பெயரில்தான் புச்சிபாபு கோப்பை இன்றும் நடக்கிறது. கேம்பிரிட்ஜில் படித்த ராமசாமி, 1922-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்காக ஆடினார். ஊர் திரும்பியதும் வேளாண் துறையில் வேலை. கூடவே கிரிக்கெட்.

ஏன் இவ்வளவு லேட்?

இந்தியா தன் முதல் டெஸ்ட்டில் ஆடியதே 1932-ல்தான். அப்போதே ராமசாமிக்கு 36 வயசு. அதாவது, அவர் நல்ல ஃபார்மில் இருந்த காலத்தில் ஆடுவதற்கு இந்தியாவுக்கு டெஸ்ட்டே இல்லை!

அந்த 4 இன்னிங்ஸ்

1936 ஜூலை, மான்செஸ்டர். முதல் இன்னிங்ஸில் இந்தியா 203 ரன்னுக்குச் சுருண்டது. அதில் இடது கை பேட்ஸ்மேன் ராமசாமி அடித்தது 40. இரண்டாவது இன்னிங்ஸில் 60. மேட்ச் டிரா. அடுத்து ஓவல் டெஸ்ட்டில் 29, அவுட் ஆகாமல் 41. இந்தியா தோற்றது. ஆனா 2 டெஸ்ட்டில் அவர் எடுத்தது 170 ரன், சராசரி 56.66.

இவ்வளவு நல்லா ஆடியும் மூணாவது டெஸ்ட் கிடைக்கவே இல்லை. இடையில் இரண்டாம் உலகப் போர் வந்தது. இந்தியா அடுத்த டெஸ்ட்டில் இறங்கியது 1946-ல். அப்போ ராமசாமிக்கு 50 வயசு.

அதுக்காக அவர் கிரிக்கெட்டை விட்டு ஒதுங்கிடலை. தேர்வாளராக இருந்தார். 1953-ல் வெஸ்ட் இண்டீஸ் போன இந்திய அணிக்கு மேனேஜரும் அவர்தான்.

என்ன ஆனார்?

1985 அக்டோபரில் சென்னையில் வீட்டை விட்டு வெளியே போனவர், திரும்பி வரவே இல்லை. அப்போ வயசு 89. கிரிக்கெட் பதிவுகள் அவரை இறந்துவிட்டதாகக் கருதுகின்றன. எங்கே, எப்போது என்ற கேள்விக்கு மட்டும் உறுதியான பதில் இல்லை. அவர் அடித்த 170 ரன்னுக்கோ ஒவ்வொன்றுக்கும் கணக்கு இருக்கு.