டாக்டர் வைல்டர் பென்பீல்ட்

மூளையைக் கத்தியால் தொடும் வைத்தியர் எதை அகற்றலாம், எதைத் தொடலாகாது என்பதை எவ்வாறு அறிவார்? இக்கேள்விக்கு விடை தேடுவதிலேயே தமது ஆயுளைச் செலவிட்டவர் டாக்டர் வைல்டர் பென்பீல்ட். அவருடைய சரிதம் நம்மவர்க்கும் தெரிந்திருக்க வேண்டுமென்று கருதி இங்கே சுருக்கமாகக் கூறுகிறோம்.

அவர் 1891-ஆம் வருஷம் அமெரிக்காவிலுள்ள ஸ்போகேன் நகரில் பிறந்தார். ரோட்ஸ் உபகாரச் சம்பளம் பெற்று ஆக்ஸ்போர்டு சென்று, நரம்பு சாஸ்திர மேதையாகிய ஷெரிங்டனிடம் பயின்றார். 1916-ல் அவர் பிரயாணம் செய்த கப்பல் ஜெர்மன் டார்பிடோவால் தாக்கப்பட, காயத்துடன் உயிர் தப்பினார். 1928-ல் கனடாவின் மான்ட்ரீல் நகரத்தைத் தமது இருப்பிடமாகக் கொண்டார்.

அவ்வருஷக் கடைசியிலேயே கடுஞ்சோதனை ஒன்று நேர்ந்தது. அவருடைய தமக்கை ரூத்துக்கு மூளையில் கட்டி இருப்பது தெரியவந்தது. தம்பியே கத்தியை எடுத்தார். வலப்புற முன்மூளையில் பெரும்பகுதியை அகற்றியும் கட்டியை முற்றும் களைய முடியவில்லை. அந்த அம்மையார் தேறி வீடு திரும்பினார். பேச்சிலும் பண்பிலும் குறை காணப்படவில்லை. ஆனால் விருந்துக்குச் சமைக்கப் புகுந்தபோது, எதை முன் செய்வது, எதைப் பின் செய்வது என்று தெரியாமல் திகைத்து நின்றார். சில வருஷங்களில் கட்டி மீண்டும் வளர்ந்து அவரைக் கொண்டுபோயிற்று. தனி வைத்தியர் ஒருவரால் இக்காரியம் ஆகாது, பலவகை நிபுணரும் ஒரே கூரையின்கீழ் உழைக்க வேண்டுமென்ற உறுதி பென்பீல்டுக்கு வலுத்தது. ராக்பெல்லர் தருமநிதி 12 லட்சம் டாலருக்கு மேல் உதவ, 1934-ல் மான்ட்ரீல் நரம்பியல் ஸ்தாபனம் திறக்கப்பட்டது.

அங்கே நடந்த சிகிச்சையின் முறை வியக்கத்தக்கது. காக்காய்வலிப்பு நோயாளிகளே அங்கு மிகுதியாக வந்தனர். (கையில் இரும்பைக் கொடுத்துவிட்டு விலகி நிற்பதே இந்நோய்க்கு நம் தெருக்களில் நெடுங்காலம் நடந்துவந்த வைத்தியம்!) தலையின் தோலை மட்டும் மரக்கச் செய்து மண்டையோட்டைத் திறப்பார்கள். மூளைக்குத் தொடுவலி கிடையாதாகையால் நோயாளி விழித்தபடியே பேசிக்கொண்டிருப்பார். பென்பீல்ட் மெல்லிய மின்சாரத்தை ஓரிடத்தில் செலுத்துவார். நோயாளியின் கட்டைவிரல் அசையும். அல்லது உதடு மரத்ததுபோல் தோன்றும். அவ்விடத்தில் எண்ணிட்ட சிறு சீட்டு ஒன்றை வைப்பார்கள். படம் ஒன்றைக் காட்டிப் பெயர் கேட்கையில், மின்சாரம் பாய்ந்தவுடன் பெயர் நாவில் எழாமற் போனால், அது பேச்சுக்குரிய இடம். அங்கே கத்தி செல்லலாகாது. இவ்விதம் சேர்ந்த குறிப்புகளைக் கொண்டு 1937-ல் அவரும் போல்ட்ரியும் மூளைப்பரப்பின் படத்தை வெளியிட்டனர். அதில் முதுகு முழுவதற்கும் கிடைத்த இடத்தைவிடக் கைக்கும் உதட்டிற்கும் கிடைத்த இடம் பெரிது.

நோயாளியின் வாய்மொழி ஒரு சாட்சி. மற்றொரு சாட்சியைத் தந்தவர் ஹெர்பர்ட் ஜாஸ்பர் என்ற விஞ்ஞானி. திறந்த மூளையின்மீதே மின்முனைகளை வைத்து, நரம்பணுக்களின் மின்னலைகளைக் காகிதத்தில் வரையச் செய்து, வலிப்பு எங்கே பிறக்கிறதென்று சிகிச்சை நடக்கும்போதே அவர் காட்டினார். இவ்விருவரும் 1954-ல் எழுதி வெளியிட்ட பெருநூல் இத்துறைக்கு ஆதாரமாயிற்று. அங்கே பயின்ற ஜேக்கப் சாண்டி 1949-ல் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு ரணசிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார் என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது.

இத்தனை காவலிருந்தும் ஒரு விபரீதம் நேர்ந்தது. இடப்புறப் பொட்டுமடலில் சிகிச்சை பெற்ற இருவர், அறிவு குன்றாமலிருந்தும், புதிதாக எதையும் நினைவில் நிறுத்த இயலாதவராயினர். மின்சாரமும் சீட்டும் இந்த ஆபத்தை முன்னறிவிக்கவில்லை. பென்பீல்ட் இதை மூடிமறைக்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளநூல் நிபுணரைக் கொண்டு சோதித்து, 1958-ல் அவருடன் சேர்ந்து உலகறியப் பிரசுரித்தார். மறுபுறத்து மடல் முன்னமே பழுதுற்றிருக்க வேண்டுமென்று இருவரும் ஊகித்தனர். அந்நோயாளிகளில் ஒருவர் பின்னர் வேறு காரணத்தால் இறந்தபோது, மூளையைப் பரிசோதித்ததில் ஊகம் மெய்யென்று தெரிந்தது. அந்த முடிவு 1974-ல் வெளியாயிற்று. அப்போது பென்பீல்டுக்கு வயது 83. ஓய்வு பெற்றுப் பதினான்கு வருஷம் கடந்திருந்தது. 1976-ஆம் வருஷம் ஏப்ரல் 5-ஆம் தேதி அவர் மான்ட்ரீல் நகரிலேயே காலமானார்.