சையது அப்துல் ரகீம்

சையது அப்துல் ரகீம் (ஆகஸ்ட் 17, 1909 – ஜூன் 11, 1963) இந்தியக் கால்பந்துப் பயிற்றுநர் ஆவார். ரகீம் சாகிப் எனவும் அழைக்கப்பட்டார். 1951, 1962 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இவரது பயிற்சியில் இந்திய அணி தங்கப் பதக்கம் வென்றது.

பணி

ஐதராபாத்தில் பிறந்த இவர் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். 1950 முதல் இறக்கும் வரை ஐதராபாத் நகரக் காவல்துறை அணியைப் பயிற்றுவித்தார். அவ்வணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் இந்திய அணி நான்காம் இடம் பெற்றது.

இளம் வீரர்களை உருவாக்கல்

இளையோருக்கெனக் கால்பந்துப் பயிற்சிக்கூடங்கள் இல்லாத காலத்தில், ரகீம் போட்டிகளையே பயிற்சியாக அமைத்தார். வலக்கால் பழக்கமுள்ளோர் இடக்காலால் மட்டுமே உதைக்க வேண்டிய போட்டிகளையும், பந்தைத் தாமே கடத்திச் செல்லாமல் சக வீரருக்கு உடனே அனுப்ப வேண்டிய போட்டிகளையும் நடத்தினார். இவற்றால் இரு கால்களும் பழகின. விரைந்து முடிவெடுக்கும் திறனும் வளர்ந்தது. செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராம் இவர் கண்டெடுத்த வீரர்களுள் ஒருவர். வறிய குடும்பத்தவரான பலராம் பயிற்சிக்கு வந்து செல்ல மிதிவண்டி வாடகையை ரகீமே கொடுத்தார்.

இறுதிக்காலம்

நுரையீரல் புற்றுநோயால் நலிவுற்றிருந்த நிலையிலேயே 1962 இல் அணியை ஜகார்த்தாவுக்கு அழைத்துச் சென்றார். செப்டம்பர் 4 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில், தலையில் காயமுற்றிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை முன்கள வீரராக இறக்கினார். அவரும் பி. கே. பானர்ஜியும் அடித்த கோல்களால் இந்தியா தென்கொரியாவை 2-1 என வென்றது. அடுத்த ஆண்டு ரகீம் காலமானார். அதன்பின் 2022 ஆம் ஆண்டுக்குரிய போட்டிகள் வரை ஆசியக் கால்பந்துத் தங்கத்தை இந்தியா மீண்டும் பெறவில்லை.