மறதியைத் தமிழில் வடித்த மறைமலையடிகள்

நாகப்பட்டினத்தில் 1876ஆம் ஆண்டு பிறந்த வேதாசலம், நாராயணசாமிப் பிள்ளையிடம் தமிழும் சோமசுந்தர நாயகரிடம் சைவ சித்தாந்தமும் பயின்றார். அச்சித்தாந்தத்தின் தலைநூல், பெண்ணாடத்தில் தோன்றிய மெய்கண்டாரின் சிவஞானபோதம். வேடரிடை வளர்ந்து தன்னை மறந்த அரசிளங்குமரனைப் போன்றது உயிர் என்றும், குருவின் அருளால் அம்மறதி நீங்கும் என்றும் அந்நூல் உணர்த்தும்.

1898இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியரான அவர், மறதியையே கருவாகக் கொண்ட காதல் நாடகம் ஒன்றில் தோய்ந்தார். காளிதாசரின் சாகுந்தலத்தை வடமொழியிலிருந்து நேரே தமிழாக்கி 1907இல் வெளியிட்டார். முனிவர் சாபத்தால் துஷ்யந்தன் தான் மணந்தவளை மறக்கிறான். நினைவூட்டவேண்டிய கணையாழி நீரில் நழுவி மீன்வயிறு புகுகிறது. கருவுற்ற சகுந்தலை அரசவையில் மறுக்கப்படுகையில், மன்னனுக்கு நினைவு மீளுமோ எனப் படிப்போர் நெஞ்சம் பதைக்கும்.

1911இல் கல்லூரிப் பணியை விட்டுப் பல்லாவரம் சேர்ந்தார். 1916இல் தனித்தமிழ் இயக்கம் கண்டார். வேதாசலம் மறைமலையானார், அவர்தம் ஞானசாகரம் இதழ் அறிவுக்கடலாயிற்று. வடசொல்லை விலக்கியவர் வடமொழி நாடகத்தைப் போற்றியது முரண் எனத் தோன்றலாம். ஆயினும் அவர் அதனைக் கைவிட்டாரில்லை. பின்னாளில் அதற்கு ஆராய்ச்சி நூலும் எழுதினார். பிறமொழிக் காவியத்தின் சுவை வேறு, தமிழ் தன் சொல்லை மறப்பது வேறு என்பதை அவர் வாழ்வே காட்டிற்று.

1950 செப்டம்பர் 15இல் அடிகள் மறைந்தார். வழக்கொழிந்த நற்சொல் ஒன்றை இன்று பாட்டில் எடுத்தாளும் கவிஞர், அறிந்தோ அறியாமலோ அவர் தொடங்கிய பணியையே தொடர்கின்றார்.