வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார்: துப்பறிந்த துறவியைப் படைத்தவர்

தமிழ்த் துப்பறியும் நாவலின் முதல் தலைமுறை எழுத்துகள் மேலைக் கதைகளின் தழுவல்களே என்னும் மதிப்பீடு இலக்கிய வரலாறுகளில் நிலைபெற்றுள்ளது. வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் (1880–1942) வாழ்வும் எழுத்தும் இம்மதிப்பீட்டை மீளாய்வு செய்யத் தூண்டுகின்றன.

மன்னார்குடியை அடுத்த வடுவூரைச் சேர்ந்த அவர், அரசுப் பணியைத் துறந்து சென்னையில் தங்கி எழுத்தையே தொழிலாகக் கொண்டார். ‘மனோரஞ்சனி’ இதழின்வழித் தம் நாவல்களை வெளியிட்டார். அவருக்கு முன்பே ஜே. ஆர். ரங்கராஜு ‘இராஜாம்பாள்’ (1908) நாவலில் துப்பறியும் கோவிந்தனைப் படைத்திருந்தார். ஆரணி குப்புசாமி முதலியாரின் தழுவல்களில் ஷெர்லக் ஹோம்ஸ் ஆனந்தசிங் ஆனார்.

ஐயங்காரும் ரெய்னால்ட்ஸ் முதலிய ஆங்கில நாவலாசிரியர்களிடமிருந்து கதைப்பின்னல்களைப் பெற்றவரே. ஆயினும் ‘கும்பகோணம் வக்கீல்’ நாவலில் உண்மையை வெளிக்கொணர்பவர் திகம்பர சாமியார்; குற்றத்தின் பக்கம் நிற்பவரோ சட்டம் பயின்ற வக்கீல். சட்ட அறிவும் நீதியும் ஒன்றல்ல என்னும் ஐயம் இவ்வமைப்பில் உருப்பெறுகிறது. மாளிகைக்கும் குடிசைக்கும் ஒருசேரச் செல்லத்தக்கவர் துறவி என்னும் சமூக வழக்கே துப்பறிவாளருக்குரிய தகுதியாக மாறுகிறது. கதைப்பின்னல் அயலிலிருந்து வந்திருப்பினும், அதன் பொருள் தமிழ்ச் சமூகத்திற்குள்ளேயே விளைகிறது.

‘மேனகா’ நாவல் 1935இல் திரைப்படமாயிற்று. ஆசிரியர் மறைந்து எட்டாண்டுகள் கழித்து, 1950இல், ‘கும்பகோணம் வக்கீல்’ நாவலை மாடர்ன் தியேட்டர்ஸ் படமாக்கியபோது வக்கீல் தலைப்பிலிருந்து நீங்கினார். அப்படம் ‘திகம்பர சாமியார்’ எனப் பெயர் பெற்றது. வாசகர் நெஞ்சில் நிலைத்தவர் எவர் என்பதை இப்பெயர் மாற்றம் உணர்த்துகிறது. தழுவலின் மூலத்தைத் தேடும் ஆய்வு, அதனை வாசகர் தமதாக்கிக்கொண்ட முறையையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.