பழ மரங்களோடு வாழ்ந்தவர்

லூதர் பர்பேங்க் 1849ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். தம் தந்தையின் பதினைந்து பிள்ளைகளுள் அவர் பதின்மூன்றாமவர். அவர் பல்கலைக்கழகம் சென்றதில்லை. டார்வினின் நூல்களே அவருக்கு ஆசான்களாக அமைந்தன. இளமையிலேயே புதிய உருளைக்கிழங்கு வகை ஒன்றை உருவாக்கி, அதன் உரிமையை 150 டாலருக்கு விற்றார். பின், 1875இல் கலிபோர்னியாவிலுள்ள சாண்டா ரோசாவில் குடியேறினார்.

தொடக்கத்தில் கிடைத்த கூலி வேலைகளைச் செய்து பிழைத்த அவர், சிறிய நாற்றுப்பண்ணை ஒன்றைத் தொடங்கினார். 1881இல் ஒருவர் அவரிடம் 20,000 பிளம் கன்றுகளைக் கேட்டார். அதுவும் அந்த ஆண்டு முடிவதற்குள் வேண்டுமாம்! பிளம் விதையிலிருந்து கன்று வளர்த்து ஒட்டுக்கட்ட இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். மற்றவர்கள் தயங்கிய வேலையைப் பர்பேங்க் ஏற்றுக்கொண்டார். பிளம், பீச், பாதாம் மூன்றும் நெருங்கிய உறவுடைய மரங்கள். அவற்றுள் பாதாம் விரைவாக முளைக்கும். எனவே, அவர் பாதாம் விதைகளை ஈர மணலில் முளைக்க வைத்து நட்டார். கோடையில் அச்செடிகளில் பிளம் மொட்டுகளை ஒட்டினார். மொட்டு பிடித்ததும் பாதாமின் தலைப்பகுதியை உடனே வெட்டாமல், பாதி ஒடித்துச் சாய்த்துவிட்டார். இலைகள் வேருக்கு உணவளித்துக்கொண்டிருக்க, மொட்டும் துளிர்த்தது. சொன்ன காலத்தில் பெரும்பாலான கன்றுகள் தயாராயின.

பீச் மரங்களிலும் அவர் பல்லாண்டுகள் உழைத்தார். நாற்று காய்க்கும்வரை காத்திராமல், அதன் கிளையை முதிர்ந்த மரத்தில் ஒட்டிப் பழத்தின் தரத்தை விரைவில் அறிந்தார். ஆயிரக்கணக்கான நாற்றுகளுள் சிலவற்றை மட்டுமே வைத்துக்கொண்டு, எஞ்சியவற்றைத் தீயிட்டு எரித்தார். இவ்வாறு உருவானவற்றுள் ஒன்றுதான் ‘ஜூலை எல்பர்ட்டா’ பீச். ஆயினும், ஆய்வுக் குறிப்புகளை முறையாக எழுதிவைக்காதது அவருடைய பெருங்குறை. அறிவியலாளர் பலர் அதைக் கண்டித்தனர்.

அவருக்கு வேறொரு மனக்குறையும் இருந்தது. ஒரு கன்றை வாங்கியவர் அதிலிருந்து எத்தனை கன்றுகளை வேண்டுமானாலும் பெருக்கி விற்கலாம். அதனை உருவாக்கியவருக்கு ஒரு காசும் கிடைக்காது. இந்நிலை மாறுவதற்குள், 1926ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் பர்பேங்க் மறைந்தார். தம் வீட்டுத் தோட்டத்திலேயே, தேவதாரு மரம் ஒன்றின் நிழலில் அடக்கம் செய்யப்பட்டார். புதிய தாவரங்களுக்குக் காப்புரிமை வழங்கும் சட்டம் அமெரிக்காவில் 1930இல் இயற்றப்பட்டது. அதன்பின் அவருடைய பிளம், பீச் வகைகள் சிலவற்றுக்கு அவர் பெயரிலேயே காப்புரிமை வழங்கப்பட்டது.